மறக்கிற சிப்

மார்ச் 4, செவ்வாய்

இரும்பு உருக்கும் ஆலைக்குப் போகவேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சூட்டில் வைத்துச் சோதித்தேன். உலை எவ்வளவுக்கு மேல் சூடாகக் கூடாது என்ற வரம்பைப் பெட்டிக்குள் இருக்கும் மெமரி சிப்தான் வைத்திருக்கும். கரண்ட் போய் வந்தாலும் மறக்கக் கூடாது. இன்று பாதிப் பெட்டிகள் மறந்துவிட்டன. திறந்து பார்த்தால் வேறு சிப். வாஷிங் மெஷினுக்குப் போடுகிற ரகம். அதை உலைக்குப் பக்கத்தில் மாட்டுவதா?

வாங்கியது அண்ணன். கம்பெனியே அவனுடையதுதான். நல்ல சிப் வர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் ஆர்டர் போய்விடும் என்றான். "சூட்டக் கொஞ்சம் கொறச்சு வச்சு டெஸ்ட் பண்ணு பாப்பா."

பாப்பாவாம். எனக்குத் தலை நரைத்துவிட்டது.

மார்ச் 5

சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தேன். அவனே போட்டு அனுப்பிவிட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வீட்டில் சாப்பாடு. கூடப் பிறந்தவன் காலை வாரிவிடுகிறவள் எங்காவது உண்டா என்று அண்ணி அம்மாவிடம் கேட்டாள், எனக்குக் கேட்கும்படி. அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சிப் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன் என்று அண்ணன் அம்மா தலையில் கைவைத்துச் சொன்னான். சரி என்று எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 22

நடந்துவிட்டது. கரண்ட் போய் வந்ததும் பெட்டி வரம்பை மறந்திருக்கிறது. உலை பொங்கித் தெறித்ததில் ஆபரேட்டருக்குத் தோளும் கையும் வெந்துவிட்டன. அவர்தான் வரம்பை மாற்றினார் என்கிறது ஆலை. வேலையைவிட்டும் நிறுத்திவிட்டார்கள். அண்ணனிடம் கேட்டார்களாம். "இருக்கலாம்" என்றானாம்.

இருக்கலாமா? எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு?

ஏப்ரல் 24

ஆஸ்பத்திரியில் ஆபரேட்டரைப் பார்த்தேன். நான் யார் என்று சொன்ன பிறகும் உட்காரச் சொன்னார். "நான் எதையும் தொடலம்மா. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, தொட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

ஒரு மனுஷன் தன்னையே நம்பாமல் போகும் அளவுக்கா? நேராகக் கம்பெனிக்குப் போய், மீதமிருந்த இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி எதிரிலேயே சூடேற்றி, கரண்டை நிறுத்திப் போட்டுக் காட்டினேன். இரண்டும் மறந்தன.

ஏப்ரல் 25

"என் வயித்துல அடிச்சிட்ட" என்றான் அண்ணன்.

"அவரப் போய்ப் பாத்தியா நீ?"



மே 19

அவனோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆபரேட்டரை ஆலை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. ஆனால் கையை முழுதாக நீட்ட முடியாதாம். எங்கள் ஆர்டர் போயிற்று. போகட்டும்.

ஜூன் 2

ஆலையிலிருந்து பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்தன. வண்டியிலிருந்து அண்ணனே இறக்கினான். எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றைத் திறந்து சிப்பைக் கழற்றத் தொடங்கினான். தலை நிமிராமல் சொன்னான்: "அவர் வீட்டுக்குப் போனேன். என்னப் பாத்ததும் கதவச் சாத்திட்டாரு."

அடுத்த பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.