பாடைச் சுழி

கோபம் வந்தாலும் என்மேல் காட்டத் தெரியாத என் அண்ணனுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. கொழிஞ்சாம்பாறையில் நல்ல மழை. கடலைக்காட்டில் களையெடுக்க அண்ணிதான் போகிறார்கள். உங்கள் டிரான்சிஸ்டரை யாரும் திருப்புவதில்லை.

ஊரில் எல்லாரும் சுழியைத்தான் சொல்கிறார்கள். முதுகு முடியில் பாடைச் சுழி உள்ள மாடு வந்தால் அந்த வீட்டில் பாடை கட்டுவார்களாம். வேலந்தாவளம் சந்தையில் அந்த மயிலைக் காளையின் முதுகைத் தடவிய நீங்களும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டீர்கள்.

"சயின்ஸ் வாத்தியாருக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா ஒருத்தன் உக்காந்து வரையாம மசுரு இத்தன அளவாச் சுத்துமாடா? தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்டச் சொல்லிக் குடுத்தவன் ஆரு?"

"ஆரும் சொல்லிக் குடுக்கலீங்கண்ணா. தலைமுறை தலைமுறையாத் தானா வந்தது. உங்க உச்சந்தலையிலயுந்தான் சுழி இருக்குது. அதுல ஆரு என்னத்த எழுதி வெச்சாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நீங்கள் டீ குடிக்கப் போனபோது, மாடு வளர்ந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "வாத்தியாரே, இடது பக்கம் ஆள் வந்தா அது பாயுமுங்க. பாத்துக்குங்க."

நான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால், பாத்தியா, சுழி பேசுது என்பீர்கள். வாதத்தில் தோற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். காளையை வாங்கி வந்த மூன்றாம் வாரம், நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அதன் இடது பக்கமாகப் போனீர்கள். கொம்பு விலாவில் இறங்கியது.

முடி வெறும் முடிதான் என்று இப்போதும் நினைக்கிறேன் அண்ணா. அதுதான் என்னை வதைக்கிறது. எழுதினவன் ஒருவன் இருந்தால் பழியை அவன்மேல் போட்டுவிட்டு அழலாம். அப்படி யாரும் இல்லையென்று சந்தையில் சத்தமாகச் சொன்னவன் நான். அப்புறம் பழி யாருக்குப் போகும்? கொம்பைப் படைத்தது யாராகவும் இருக்கட்டும், அது எந்தப் பக்கம் பாயும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணி தன்னையே வைகிறார்கள். "சுழி தெரிஞ்சும் ஊட்டுக்குள்ள உட்டனே, அன்னைக்கே நான் தடுத்திருக்கோணும்" என்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மாட்டை விலைக்குக் கேட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணி சுழியைக் காட்டித் தயங்கினார்கள். அவர் சிரித்தார். "அது வெறும் மசுருங்க. உங்க வாத்தியாரே சந்தையில சொன்னாருங்களே, நானும் அங்கதான் நின்னேன்." வெள்ளிக்கிழமை கயிறு பிடிக்க வருகிறார். நான் நேற்றும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பேசுவேன். அவர் கயிற்றைத் தொடும் முன், அண்ணி நிற்கும்போதே சொல்வேன்: சுழியில் ஒன்றுமில்லை, ஆனால் இடது பக்கம் போகாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். அண்ணி என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன் அண்ணா, சத்தியம்.

நீங்கள் நம்பிய
தம்பி