கார்டு இல்லாத கேமரா

அன்புள்ள என்னங்க,

நான் நலம். 'கடவுள் அருளால்' என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம். அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. வெறும் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கிரேனில் ஏறும்போது பெல்ட் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை என்னிடம் சும்மா சரி சரி என்கிறீர்களா?

போனில் பேச ஆரம்பித்தால் உடனே முட்டிக்கொள்கிறோம், நீங்கள் பட்டென்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைக் கோபத்தில் வீசினாலும் அப்புறம் எடுத்துப் படிக்கலாம்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. துணியைச் சுற்றி ஒப்பேற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை வந்திருந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சாமி படமே இல்லாத வீட்டுல எப்படி அண்ணி தூக்கம் வருது?" என்று கேட்டாள். தூக்கம் வந்தால்தானே என்றேன். நான் மண்டியிடுவதையே விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொன்னாளாம். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, தையல் கடைக்கு வருகிறவர்கள் காலடியில் நாள் முழுக்க மண்டியிட்டுத்தான் கால்சட்டை நீளம் குறிக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

படங்களைத் திரும்ப மாட்டினால்தான் லீவுக்கு வீட்டுக்கு வருவேன், இல்லாவிட்டால் தங்கை வீட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படங்களை நான் தூக்கி எறியவில்லை. போர்வையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

நம் வாலு காய்ச்சலில் கிடந்தபோது நாம் வேண்டாத வேண்டுதல் இல்லை. நீங்கள் அங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல, நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று திருப்பிச் சொன்னேன். அவள் போன பிறகு வந்தவர்கள் எல்லாம், "கடவுளுக்குப் பிடிச்ச பிள்ளை, சீக்கிரமே கூப்பிட்டுக்கிட்டார்" என்றார்கள். எனக்கும் பிடித்த பிள்ளைதானே? அன்றோடு விட்டுப்போயிற்று. கோபம்கூட இல்லைங்க. அலுப்புதான்.

ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. விடியும்போதே எழுந்து, வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்றுவிடும். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பேன். அப்படி ஒருநாள்தான், பிறந்தநாளுக்கு நீங்கள் அவளுக்கு அனுப்பிய கேமராவை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவள் கீழே போட்டதில் பின்பக்கத் திரை செத்துப்போயிருந்தது. சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்து அமுக்கினால் 'டிக்' என்றது.

அன்றிலிருந்து தினமும் எடுத்தேன். படம் இருந்த இடத்தில் வெளுத்துத் தெரிகிற கட்டத்தை எடுத்தேன். அதன்மேல் வெயில் மெல்ல இறங்குவதை எடுத்தேன். கடைக்கும் கொண்டுபோனேன். யாரோ பிரித்துத் தைக்கக் கொடுத்த கால்சட்டை, ஆள் இல்லாவிட்டாலும் முழங்கால் அப்படியே புடைத்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்தேன்.

போன வாரம் பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் கேமராவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல மெமரி கார்டே இல்லையேக்கா. இத்தனை நாளும் சும்மாதான் அமுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன். அவள் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரிப்பு எங்கோ அழுகையாகிவிட்டது. பாவம் மனுஷன், என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைப் போட்டுவிட்டார்.

வேண்டிக்கொண்டதெல்லாம் எங்கேயோ பதிவாகிறது என்று நம்பினேன். இல்லை என்று தோன்றியதும் சுவரைக் காலி செய்தேன். கேமராவிலும் ஒன்றும் பதிவாகவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் கை அதைத்தான் தேடியது. வெயில் இறங்கியதை நான் பார்த்தது பார்த்ததுதானே? அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் பொழுதைத் தள்ளுகிறேன். உங்கள் பிரார்த்தனையை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு அது வேண்டும். எனக்கு இது வேண்டும். அவ்வளவுதான்.

கார்டு கடைசியில் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில், ரப்பர் துண்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. அதில் அவள் எடுத்திருந்ததெல்லாம் தன் கால்விரல், பக்கத்து வீட்டுப் பூனையின் வால், உங்கள் செருப்பு. ஒன்று மட்டும் நீங்கள் லீவில் வந்திருந்தபோது எடுத்தது. அதைப் பிரிண்ட் போட்டு இந்தக் கவருக்குள்ளே வைத்திருக்கிறேன், கசக்காமல் எடுங்கள். நாம் இருவரும் சுவருக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறோம். நீங்கள் கண்ணை இறுக்க மூடியிருக்கிறீர்கள். நான் கைகூப்பியபடியே தலையைத் திருப்பி, கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகத்தை அஷ்டகோணலாக்கி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்திருப்பாள், கழுதை.

படங்களை நான் மாட்டமாட்டேன். நீங்கள் வந்து மாட்டினால் தடுக்கவும் மாட்டேன். ஆணியைப் பிடுங்கவில்லை. தங்கை வீட்டில் இறங்க வேண்டாங்க. வாலுவை இழந்த வீட்டில் நான் தனியாகக் கிடக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு, நல்லபடியாக நேரே இங்கே வாருங்கள். அதே இடத்தில் வந்து நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் சரி.

கேமராவில் கார்டு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா