கிரவுன் எண்ணெயும் இரண்டாவது கியரும்

அன்புள்ள அக்கா,

போன வாரம் நம் காரின் டிக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் வந்து வண்டியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஓட்டுவதற்கு இல்லை, பிரித்து உதிரிப் பாகமாக விற்பதற்கு. போகிற வண்டியைச் சுத்தம் செய்து அனுப்புவது யாருக்காக என்று தெரியவில்லை. ஆனாலும் துணியும் வாளியுமாக நின்றேன். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் கிடந்தது. பட்டறையில் ஊற்றியது போக மிச்சமான கியர் ஆயில். மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டையும் கந்தகமும் கலந்தாற்போல ஒரு நெடி மூக்கில் ஏறியது.

அந்த நெடி எனக்குத் தெரியும் அக்கா. உங்களோடு நின்று முகர்ந்த நெடி அது. வாளியை அப்படியே வைத்துவிட்டு டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் சேர்ந்து கார் வாங்கியபோது தெருவே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? எஸ்டேட் டிஸ்பென்சரி நர்சுகள் இரண்டு பேர், ஒரு பழைய கார். அதுவரைக்கும் விடியற்காலையில் ஏலக்காட்டுக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில்தான் நாமும் மலையேறினோம். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, அவள் மடியில் சாப்பாட்டுத் தூக்கு. போடிமெட்டு போய்ச் சேரும்போது கால் நம்முடையதா அடுத்தவளுடையதா என்று தெரியாது. டிஸ்பென்சரிக்கு வந்துபோன டாக்டர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியபோது, "இந்த வண்டிய நாம எடுத்துக்குவோமா புள்ள?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். அப்போதே அது பழைய வண்டிதான். வெள்ளை நிறம், சின்ன உடம்பு, நாலு கதவு.

ஓட்டுவதற்கு நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். "முந்தல் வரைக்கும் நீ. முந்தலுக்கு மேல நான்." சமதரை எனக்கு, மலை உங்களுக்கு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. வளைவுகளில் என் கண் பள்ளத்தைத்தான் பார்க்கும். உங்கள் கண் ரோட்டைப் பார்க்கும்.

வாங்கிய கையோடு பஜார் பக்கத்துப் பட்டறை ஒன்றில் விட்டு எல்லா எண்ணெயையும் மாற்றச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. வெயில் நேரத்தில் சும்மா இருக்கும். மார்கழிக் குளிரில் மேலே கிளம்பும்போது கம்பியைப் பல்லால் கடிப்பதுபோல 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாமும் அப்படியே நினைத்துக்கொண்டோம், சிலமலைக்காரப் பெண்ணைக் கீழே கொண்டுபோன அந்தக் காலை வரைக்கும்.

அவளுக்குத் தலைப்பிரசவம். சொந்த ஊர் சிலமலை, புருஷனோடு எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் இருந்தாள். தேதிக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. நீங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை குறுக்கால கெடக்கு. இங்க வச்சுப் பார்க்க முடியாது. போடிக்குப் போயிரணும்" என்றீர்கள். ஜீப்புகளெல்லாம் லோடு ஏற்றப் போயிருந்தன. நம் வண்டிதான். பின்சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் புருஷன் முன்னால் உட்கார்ந்தான். பனி விலகாத ரோடு.

செக்போஸ்ட் தாண்டி இறக்கம் தொடங்கியது. முதல் பெரிய வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டீர்கள். விழவில்லை. கடித்தது. திரும்பவும் தள்ளினீர்கள், திரும்பவும் கடித்தது. நியூட்ரலில் வண்டி தானாக வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்து மிதித்து வளைவைக் கடந்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னக்கா, வண்டி இந்தக் கத்து கத்துது?" என்று அந்தப் பெண் வலிக்கு நடுவில் கேட்டாள்.

"உனக்குத் துணையா அதுவும் வலி எடுத்துக் கத்துது தாயி. நீ மூச்ச மட்டும் நல்லா இழுத்து விடு" என்றீர்கள். அவள் சிரித்துவிட்டாள். அந்த நிலைமையிலும் சிரித்தாள்.

அகலமான ஓரம் ஒன்றில் நிறுத்தினீர்கள். பிறகு இரண்டில் போட்டு மெதுவாகக் கிளப்பினீர்கள். இடையில் எங்கே மூன்றுக்குப் போக வேண்டி வந்தாலும், திரும்பி வரும்போது கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச்சை மிதித்துத் தள்ளினீர்கள். பழைய லாரிக்காரர்கள் செய்வதை எங்கேயோ பார்த்து வைத்திருந்தீர்கள். கியர் விழுந்தது. முந்தல் வரைக்கும் அப்படியே இறங்கினோம். ஆஸ்பத்திரியில் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

வெளியே டீ குடிக்கும்போது, "இனி இந்தக் கியரு என்னன்னு பார்க்காம மேல ஏறக்கூடாது" என்றீர்கள். டீ கிளாசை வைத்துவிட்டு நேரே உதிரிப் பாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரரிடம் கியர் ஆயில் என்று கேட்டதும், "எதுக்கு சிஸ்டர்? கார் கியர்பாக்சுக்கா, ஜீப்பு கிரவுனுக்கா?" என்று கேட்டார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டுக்கும் வேற வேறயா?" என்றீர்கள்.

அவர் இரண்டு டின்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் தொண்ணூறு என்று போட்டிருந்தது. ஒன்றில் ஜி.எல். நாலு, இன்னொன்றில் ஜி.எல். அஞ்சு. "நம்ம ஊர்ல ஜீப்புதான ஜாஸ்தி. ஜீப்புப் பின்சக்கரத்து அச்சுல கிரவுன்னு ஒரு பல்லுச் சக்கரம் இருக்கு, அந்தப் பல்லு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி அழுத்தும். அதத் தாங்குறதுக்கு அஞ்சுல மருந்து கூடக் கலந்திருக்கும். பட்டறையில அதத்தான் எப்பவும் வச்சிருப்பாங்க. உங்க பழைய கார் கியர்பாக்சுல பித்தளை வளையம் இருக்கு. கியர் மாத்தும்போது அந்த வளையம் ஒரு நொடி பல்லுச் சக்கரத்தக் கவ்விப் பிடிச்சு வேகத்தச் சமமாக்கணும். எண்ணெய் ரொம்ப வழுக்குனா எங்கிட்டுப் பிடிக்கும்? அதுவும் குளிர்ல எண்ணெய் கெட்டியா நிக்கும். சில எண்ணெயில இருக்க மருந்து நாள்பட்டா பித்தளையவே அரிச்சிரும்."

நீங்கள் இரண்டு டின்களையும் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தீர்கள். என்னிடமும் நீட்டினீர்கள். அஞ்சாம் நம்பர் மூக்கைத் தூக்கியது. "நாலவிட அஞ்சு பெருசுன்னு பட்டறைக்காரர் ஊத்திட்டாரு போல" என்றேன். அப்போது நீங்கள் சொன்னது: "நாம ஊசி போடுறப்ப, டோஸ் கூடுனா சீக்கிரம் குணமாகும்னா போடுறோம்? யாருக்கு, எந்த வியாதிக்குன்னுதான பார்க்குறோம்."

ஆனாலும் கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பி நீங்கள் வாங்கவில்லை. வண்டியை நமக்குக் கொடுத்த டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டீர்கள். எழுபத்தஞ்சு டபிள்யூ தொண்ணூறு, ஜி.எல். நாலு, அதைத்தான் இத்தனை காலமும் ஊற்றியதாகச் சொன்னார். முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு என்று அவரே விளக்கினார். அந்த எண்ணெயை ஊற்றியபின் அந்த இரண்டாவது கியர் உங்கள் காலம் முழுக்க ஒருநாளும் கடிக்கவில்லை.

அக்கா, நீங்கள் கண்ணை மூடிய ஐப்பசிக்குப் பிறகு நடந்ததை இனிச் சொல்கிறேன்.

உங்கள் மகள் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "அம்மாவோட பாதியும் இனி உங்களுக்குத்தான் சித்தி" என்றாள். நீங்கள் இல்லாமல் முந்தலுக்கு மேலேயும் நானே ஓட்டவேண்டியதாயிற்று. முதல் சில நாள் பின்னால் வரும் பஸ்சுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்தேன். பழகிக்கொண்டு வரும்போதுதான் வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கறையைப் பார்த்தேன். கியர்பாக்சு சீல் போயிருக்கிறது. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு டியூட்டிக்கு ஜீப்பில் போனேன். சாயங்காலம் வந்து எடுத்தேன். சீல் மாற்றி, ஆயில் ஊற்றியாயிற்று என்றார்கள்.

அடுத்த வாரமே இரண்டாவது கியர் கடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் வண்டியைப் பட்டறைக்கே திருப்பினேன். பட்டறைக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆயில் ஒழுகி வத்துன வண்டிய ஓட்டிருக்கீங்க சிஸ்டர். உள்ள எல்லாம் தேஞ்சுபோச்சு. பாக்சப் பிரிக்கணும். இந்த மாடலுக்கு இப்ப சாமான் கெடைக்காது. வந்த வெலைக்குத் தள்ளிவிட்ருங்க" என்றார்.

நான் நம்பிவிட்டேன். உங்கள் மகளும் போனில் விற்றுவிடச் சொன்னாள். நீங்கள் இத்தனை வருடம் காப்பாற்றிய வண்டியை ஒரே மழைக்காலத்தில் நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் முழங்கால் இருக்கும் இருப்பில் ஜீப்பில் மடங்கி உட்கார முடியாது. அதனால் மேனேஜரிடம் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "சிஸ்டரே, வேற ஆளு கிட்டில்லா. டிஸ்பென்சரிய பூட்டத்தான் வேணும்" என்றார் அவர், மலையாளமும் தமிழும் கலந்து. செய்தி மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்களுக்கும் எட்டிவிட்டது. ஒருத்தி மட்டும் ஒரு கை ஏலக்காயைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவ்வளவும் ஆனபிறகுதான் டிக்கியில் அந்தக் கேன் கிடைத்தது. எழுத்து அழிந்திருந்த லேபிளைத் துடைத்துப் படித்தேன். ஜி.எல். அஞ்சு.

பட்டறைக்கே ஓட்டிக்கொண்டு போனேன். "அண்ணே, இதுல ஊத்துனது கிரவுன் ஆயிலா?" என்றேன்.

"ஆமா சிஸ்டர். ஒசந்த ஆயிலு. எல்லா வண்டிக்கும் அதத்தான் ஊத்துறோம்."

"ஜீப்புக்கு அது சரிண்ணே. இதுக்கு நாலுதான். அத வடிச்சிட்டு இத ஊத்திப் பாருங்க" என்று, வழியிலேயே வாங்கிய டின்னை நீட்டினேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "ஊத்திப் பார்த்துருவோம், அதுல என்ன இருக்கு" என்றார். "முதல்ல நிரப்புற மூடி கழலுதான்னு பாருங்கண்ணே, வடிச்சுட்டு அது கழலாட்டி வண்டி இங்கயே கெடக்கும்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஓடிவந்த சூட்டில் எண்ணெய் சரசரவென்று தட்டில் இறங்கியது. நானும் அவரும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பித்தளை தேய்ந்திருந்தால் எண்ணெயில் தங்கத்தூள் மினுக்கும். பல் உடைந்திருந்தால் துணுக்குக் கிடக்கும். எத்தனையோ ரிப்போர்ட்டுகளைப் பிரித்திருக்கிறேன், அக்கா. அந்தத் தட்டைப் பார்த்த மாதிரி எதையும் பார்த்ததில்லை. வடிக்கும் துளையின் மூடியில் இருந்த காந்தத்தில் கரிய பசைபோலக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மினுக்கம் என்று சொல்ல அங்கங்கே ஒரு பொடி. துணுக்கு ஒன்றுகூட இல்லை.

பட்டறைக்காரர் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு இது ஒண்ணுமேயில்ல சிஸ்டர். நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றார்.

புது எண்ணெயை நிரப்பும் துளையின் விளிம்பு தொட்டு வழிகிற வரைக்கும் ஊற்றினார். மறுநாள் விடிந்ததும் மேலே ஏறினேன். குரங்கணிப் பக்கத்து மலையெல்லாம் மேகத்துக்குள் இருந்தது. முதல் வளைவில் லேசாக உரசியது. பழைய எண்ணெயின் மிச்சம் உள்ளே ஒட்டியிருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். சரியாயிற்று. போடிமெட்டை நெருங்கும்போது, குளிரில், மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினேன். சத்தமே இல்லை. போட்டேனா இல்லையா என்று சந்தேகப்பட்டுக் குனிந்து கியர் கம்பியைப் பார்த்தேன். விழுந்திருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு ராசிங்காபுரத்துக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னேன். பிறகு உங்கள் மகளைக் கூப்பிட்டு, "வண்டிய விக்கல ஆத்தா" என்றேன். "நல்லவேளை சித்தி. நீங்க சிரமப்படக் கூடாதேன்னுதான் வித்துருங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு எனக்கு ஒரு சோலியும் ஓடல" என்றாள். இருவரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சினோம். மேனேஜரிடம் நின்றுகொள்வதாகச் சொன்னதை மறந்துவிடச் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

எதையும் செத்துப்போயிற்று என்று முடிவுகட்டும் முன்னால், கடைசியாக அதற்கு என்ன கொடுத்தோம் என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தது உங்களோடு இருந்த அந்த வருடங்கள்தான். மனிதருக்கு அதை மறக்காமல் செய்தேன். வண்டி விஷயத்தில் கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். இனி மறக்காது.

நேற்று இறங்கும்போது மூன்று பெண்கள் என்னோடு வந்தார்கள். பின்சீட்டில் ஏதோ கல்யாணக் கதை பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பாதி இறக்கம் தாண்டியபிறகுதான் கவனித்தேன், நானும் அவர்களோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். பள்ளத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை அக்கா.

உங்கள் அன்புத் தங்கை.