மூன்றாம் சுற்றில் நான் வீசிய துண்டு

என் உயிர் மச்சான் சேகருக்கு,

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அஜ்மானில் நம்ம ரூம் அப்படியேதான் இருக்கிறது. உன் கட்டிலில் இப்போது ஒரு பீகார்க்காரர் படுக்கிறார். உன்னைப் போலக் குறட்டை விடுவதில்லை. பார், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வழக்கம்போல் சுற்றி வளைக்கிறேன்.

நீ இறங்கி, உன் மூலையில் நான் துண்டோடு நின்ற கம்பெனி குத்துச்சண்டைப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முதல் நாள் கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் என் லீவ் பேப்பர். தங்கச்சி கல்யாணத்துக்காக மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் 'மாஃபி', கிடையாது என்று திரும்பி வந்த அதே பேப்பர்.

"பாய், நாளைக்கு முதலாளியே பாக்க வர்றார். மேனேஜர் இறக்குற ஆளு தோத்தா அவர் மானம் போயிடும். உன் ஃப்ரெண்டு ஜெயிக்கக் கூடாது. நீ பாத்துக்கோ, லீவை நான் பாத்துக்கிறேன்."

உன்னிடம் சொன்னால் நீ என்னையே அறைந்திருப்பாய். வியாசர்பாடியில் குத்துப் பழகியவன் அல்லவா நீ? அதனால் சொல்லவில்லை. அவரிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாம் சுற்றில் மேனேஜரின் ஆள் தள்ளாடிக் கயிற்றில் சாய்ந்துவிட்டான். உன் புருவத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். உன் மனைவி கொடுத்தனுப்பிய ஈரிழைத் துண்டு என் கையில் இருந்தது. துண்டை உள்ளே போட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. போட்டுவிட்டேன்.

"ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டேன்டா" என்றேன்.

"விடு மச்சான், எனக்காகத்தான போட்ட" என்று என் தோளில் கை போட்டாய். லீவ் கிடைத்து நான் ஊருக்குக் கிளம்பியபோது தங்கச்சிக்கு ஒரு சேலையும் வாங்கிக் கொடுத்தாய். எந்த முகத்தோடு அதை வாங்கினேன்?

திரும்பி வந்த பிறகு, ஒரு மதியம் உன் போனில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் பார்த்தோம். குத்துச்சண்டைக்காரனை விலைக்கு வாங்கப் பார்க்கும் தொப்பிக்காரக் கும்பலின் கதை. பாதியில் நிறுத்தினாய். "இவனுங்க திருடனுங்கன்னு மூஞ்சிலயே தெரியுது. பின்னாடி துண்டு வச்சினு நிக்கிறான் பாரு, அவன் நல்லவனா இருக்கணும் மச்சான்" என்றாய். பிறகு எனக்கு சுலைமானி டீ போட்டுக் கொடுத்தாய். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தேதான் கொடுத்தாயா?

கேம்ப்பில் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த நாள்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. நான் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

உன் மகள் காவ்யா இப்போது நீ பழகிய இடத்திலேயே குத்துப் பழகுகிறாள். போன வாரம் போன் செய்தாள். "மாமா, துபாய்லேர்ந்து வந்த ஒரு அண்ணன் சொல்றாரு, அப்பா பயந்துபோய்ப் பாதியில விட்டுட்டாராமே? நெஜமா?"

"சிக்னல் சரியில்லம்மா" என்று கட் செய்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது சேகர். செத்தவனை இரண்டாவது தடவையும் தோற்கடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, முகத்தைக் காட்டி, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அதன் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போகலாம். போகட்டும். அவள் அப்பா ஜெயித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

நம்பி நீ துண்டைக் கொடுத்த
உன் மச்சான்,
முருகேசன்