ஒஸ்னத்தின் ரத்தப் பரிசோதனை

ஓர் யெஹூதா நகர்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ஒஸ்னத்துக்கு,

உனக்கு வரும் கெடுதலெல்லாம் எனக்கே வரட்டும். நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மொன்றியலில் நீயும் மாப்பிள்ளை அம்ராமும் உன் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருந்தால் எனக்கு அது போதும். வாந்தி நின்றதா, ராத்திரி கொஞ்சமாவது தூங்குகிறாயா? உன் அம்மா சப்பாத் ஓய்வுநாளுக்குக் கோழியும் அரிசியும் அடுப்பில் ஏற்றிவிட்டு, கண்ணேறு படாமல் இருக்க உனக்கு ஏழு கண் நீலமணி அனுப்பச் சொல்லி என்னை நச்சரிக்கிறாள். அனுப்புகிறேன், ஆனால் எனக்கு இருக்கும் பயத்துக்கு மணி போதாது. உன் அண்ணன் எரெஸின் குழந்தை தலியாவைப் பற்றி வாயெடுத்தாலே, "அப்பா, மாசமா இருக்கிறவகிட்ட பேசுற பேச்சா இது" என்று போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

தலியா பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததைப் படத்தில் பார்த்தாய். இப்போது உடம்பு வளர்கிறது, தலை வளரவில்லை. கையும் காலும் விறைத்துக்கொள்கின்றன, ஓயாமல் அழுகிறாள். முன்பெல்லாம் என் விரலை நீட்டினால் பிடித்துக்கொள்வாள், இப்போது பிடிப்பதில்லை. எரெஸ் வேலைக்குப் போய் வருகிறான், வந்ததும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். உன் அண்ணி சிகலித், தான் மாசமாக இருந்தபோது தின்ற எதுவோதான் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அது இல்லை என்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். நம் உயிரணு ஒவ்வொன்றும் தனக்குள் இருக்கும் மரபுக் குறிப்பைப் படித்துப் படித்துப் புரதத்தைக் கோக்கிறதாம். 'நிறுத்து' என்ற குறி வந்தால் அதோடு வேலை முடிந்தது. ஆனால் சில புரதங்களில் மட்டும் அந்த இடத்தில் நிறுத்தாமல், செலினியம் உள்ள ஒரு துண்டை வைத்துவிட்டு மேலே படிக்க வேண்டுமாம். மூளைக்கு அந்தப் புரதங்கள் இல்லாமல் ஆகாது. அந்தத் துண்டு ஆயத்தமாக எங்கிருந்தும் வராது, அதைத் தூக்கி வருகிற சின்ன வண்டியின் மேலேயே வைத்துத்தான் உயிரணு அதைச் செய்து முடிக்கிறது. கடைசியாகச் செலினியத்தைச் சேர்க்கும் நொதிதான் தலியாவிடம் பழுது. துண்டு வராததால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. செலினியம் என்று காதில் விழுந்ததும் உன் அம்மா மீனும் பிரேசில் கொட்டையும் வாங்கிக் குவித்தாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமான் குறையல அம்மா, அதைச் சேர்க்கிற ஆள்தான் இல்ல" என்றார். அன்றிலிருந்து உன் அம்மா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுகிறாள்.

நாம் எல்லோரும் ஒன்றை நம்பி ஏமாந்தோம். அத்தை மகன் மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டினால்தான் இந்த மாதிரி வரும், நாம் பாக்தாத்திலிருந்து வந்த யூதர்கள், சம்பந்தி வீடு மொராக்கோ யூதர்கள், எங்கேயோ கிடந்த ரத்தம் எங்கேயோ சேர்கிறது, நமக்கென்ன பயம் என்று நினைத்தோம். எரெஸின் மருதாணி விருந்தில் நம் புளிப்புச் சமையலையும் அவர்கள் இனிப்புச் சமையலையும் வைத்து எவ்வளவு கேலி! சிகலித்தை ரத்தச் சோதனைக்குப் போகச் சொன்னபோதும், அது ஒரே ஊர்க்காரர்கள் கட்டிக்கொண்டால்தான் வேண்டும் என்று சிரித்துவிட்டோம். அந்தப் பழுது பாக்தாத் வம்சத்திலும் உண்டாம், மொராக்கோ வம்சத்திலும் உண்டாம். இரண்டும் வேறு வேறு இடத்தில் கெட்டவை, ஆனால் கெடுப்பது அந்த ஒரே நொதியை. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் மறுபக்கத்து நல்லது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அந்த ஆளுக்கு நோய் எதுவும் வராது. இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் தலியா. எங்கள் ரத்தத்தையும் பார்த்தார்கள். உன் அம்மாவிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. என்னிடமிருந்து எரெஸுக்குப் போயிருக்கிறது. உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நீ போனை வைத்த அன்றே அம்ராம் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். உன்னிடம் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். நேற்று மறுபடி கூப்பிட்டான். "மாமா, எனக்கு இருக்கு. அவகிட்ட சொல்ல வாய் வரல. நீங்க எழுதிப் படம் எடுத்து போன்ல அனுப்புங்க, நான் அச்செடுத்து அவ கையில கொடுக்குறேன்" என்றான். மொராக்கோக்காரன் வாயாடி என்று இத்தனை வருஷம் அவனைக் கிண்டல் செய்தேனே, அவன் இந்த இரண்டு வரியோடு போனை வைத்துவிட்டான்.

உன் ரத்தம் சுத்தமாக இருந்தால் உன் வயிற்றுப் பிள்ளைக்கு இந்த நோய் வராது, எல்லோரும் மூச்சு விடலாம். உனக்கும் அந்தப் பழுது இருந்தால்கூட, நாலில் ஒரு பங்குதான் ஆபத்து, வயிற்றிலேயே பார்த்துச் சொல்ல வழி இருக்கிறதாம். மூன்றாம் மாதம்தான் நடக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது, அதிகம் இல்லை. அதன் பிறகு என்ன செய்வது என்பது உங்கள் இருவர் பாடு, நான் குறுக்கே வர மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே, உனக்கும் இப்போது பயம் வரும். பயந்தாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை போய் ரத்தம் கொடுத்துவிடு, மறக்காதே. இன்று மாலை விளக்கேற்றியதும் உன் பெயரைச் சொல்லி வாழ்த்துவேன். கடவுள் உன் பக்கம் முகம் திருப்பட்டும், உன் பிள்ளையைக் காக்கட்டும்.

நீ இதைப் படித்து முடிக்கும்போது அம்ராம் அடுத்த அறையில் நின்றுகொண்டிருப்பான். கோபப்படாதே. போய்க் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வை.

உன் அப்பா
சாசோன்