மைக் டெஸ்டிங்கோடு நிறுத்தாதே

இக்னேஷியஸ் அண்ணா,

சோறு மூடி வைத்திருக்கிறேன். மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். நான் அம்மாவோடு மாதா கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டப் போகிறேன். உன் மைக் செட் வயரைச் சுற்றிக் கதவோரம் வைத்துவிட்டேன். சாவியைப் பக்கத்து வீட்டுச் சகாயம்மாள் அக்காவிடம் கொடு.

நேற்றுக் கள்ளிக்குப்பம் கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தியதற்கு நான் கோபித்துக்கொண்டபோது, "எந்தப் படத்துப் பாட்டுடி அது? படமே இல்லாத பாட்டுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற?" என்று கேலி செய்தாய். அது நம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பிரகாசமும் அவருடைய கச்சேரிக் கூட்டாளிகளும் தாங்களே கட்டிய பாட்டு. சினிமாப் பாட்டு இல்லையென்றால் கூட்டம் கத்தும் என்று, மைக் சோதிக்கும்போது மட்டும் பாடுகிறார்கள். 'ஏரிக்கு அக்கரையில் விளக்கு வைத்தது யார்?' என்று கேட்கிற இடம் வந்ததும், "போதும்பா, சவுண்டு சரியாக்கீது" என்று நிறுத்திவிடுகிறாய். எப்போதும் அதே இடம்!

யார் வைத்திருப்பார்கள்? நானே நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் அந்த மெட்டில் உட்காரவில்லை.

அவர்களுடைய கிடார்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஜபல்பூர் போகிறாராம். இன்றைய திருவிழாக் கச்சேரியோடு சரி. இன்று ஒருநாள் முழுசாகப் பாட விடு அண்ணா.

செலின்

அப்பளம் நீல டப்பாவில்.

இன்றும் நிறுத்தினால், நானே மேடையருகே போய் மீதியைப் பாடச் சொல்லிக் கேட்பேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வெளி ஆளிடம் நான் வாய் திறந்ததில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பேன்.