என்னைக் குளிப்பாட்டப் போகிறவள்

2025 ஜனவரி 21, செவ்வாய்

கிளினிக் நாள். மகள் அஸ்மியாவோடு பாலம் தாண்டி டவுனுக்குப் போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இடது மார்பை எடுத்தும் நோய் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டதாம். "இனி நோ குறையத்தான் மருந்து" என்றார். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பஸ்ஸில் "நான் மௌத்தானால்—" என்று தொடங்கினேன். "வாயை நல்லதுக்குத் திறங்க உம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். என்ன பிள்ளை இது! சாகப் போவது நான், இவளையும் நான்தான் தேற்ற வேண்டியிருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிய மௌலவி வந்து ஓதினார். ஓதும்போது நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவரிடம் இதை எப்படிச் சொல்வது? கபுறுப் பயம், மண்ணுக்குள் போகிற பயம், எல்லோருக்கும் உள்ளதுதான். என் பயம் அதற்கு முன்னால் நிற்கிறது. என் பயம் ஸாலிஹா.

எங்கள் ஒழுங்கையில் மௌத்தான பெண்களின் மையித்துகளை அடக்க முன் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். பதினொரு வருடத்துக்கு முன் அவளுடைய புருஷன் வேறொருத்தியோடு போனதைப் பள்ளிக்கூடத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னவள் நான். மூன்று நாளில் கிண்ணியா முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு.

அவளுக்கு முன்னாலதான் நான் இந்தத் தழும்போட, மறைக்கக் கையும் தூக்க ஏலாமல் கிடக்கப் போறன். பார்த்துப்போட்டு வெளியில சொல்ல மாட்டாளா? நான் சொன்னனே!

பெப்ரவரி 2

நித்திரை இல்லை. கண்ணை மூடினால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

டாக்டர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். சுலக்ஷனா என்ற தமிழ்ப் பிள்ளை, என் மகள் வயது. "பயப்படாதீங்கோ" என்று தொடங்கினால் எழும்பிப் போவது என்று இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"டீச்சர், எது பயம்? சாகிறதுக்கு முதலோ, சாகிற நேரமோ, அதுக்குப் பிறகோ?"

கஷ்டமான கணக்கை நானும் இப்படித்தான் உடைத்துக் கொடுப்பேன். "பிறகு. அடக்கம் செய்ய முதல்" என்றேன்.

எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. "எப்பிடிக் குளிப்பாட்டுவினம்? சொல்லுங்கோ" என்றாள். என் உம்மாவின் மையித்தைக் குளிப்பாட்டியபோதும் நான் முற்றத்தில் நின்றவள். எனக்கே தெரியாத ஒன்றுக்குத்தான் இவ்வளவு நாளும் நடுங்கியிருக்கிறேன்.

"அப்ப தெரிஞ்சவவிட்டயே கேட்டுப் பாருங்கோவன்."

கேட்கட்டாம்! சொல்ல லேசு.

பெப்ரவரி 15, சனி

அஸ்மியாவை அனுப்பிக் கூப்பிட்டேன். ஸாலிஹா வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவளும் அப்படியே சொன்னாள். மேலால் துணி மூடித்தான் குளிப்பாட்டுவாளாம். கையிலும் துணி சுற்றிக்கொள்வாளாம். வெதுவெதுப்பான தண்ணீர், வலப்பக்கம் முதலில். "மையித்துக்கும் நோகும் எண்டு நினைச்சித்தான் திருப்புவன்."

என் குணம் விடுமா? அவளைச் சோதித்தேன். உம்மாவின் முதுகில் வாப்பா சுட்ட தழும்புகள் இருந்தன. உம்மா சாகும்வரை மறைத்தது, எனக்கு மட்டும் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் உம்மாவைக் குளிப்பாட்டியது இவள்.

"எங்கட உம்மாட முதுகுல என்ன இருந்திச்சி?"

"முதுகுலயா? முதுகுதான் இருந்திச்சி டீச்சர்."

"நான் மகள். எனக்குச் சொல்லலாம்."

"மகளுக்கும் இல்ல."

மூன்று வருடம்! என்மேல் அவ்வளவு கோபம் இருந்தும், ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துட்டுது. "ராத்தா, என்ன மன்னிச்சிருங்க" எண்டன். பதினொரு வருசத்துக்குப் பிறகு, பழையபடி அக்கா முறையில ராத்தா எண்டு கூப்பிட்டன்.

"நீங்க கதைச்சத நான் மறக்கல்ல. மறக்கவும் ஏலா" என்றா. "அது வேற, இது வேற. உங்கட உடம்பு என்னை நம்பித் தாற அமானிதம்."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டா.

பெப்ரவரி 16

ஆறு மணித்தியாலம் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஊரெல்லாம் நோன்பு. எனக்கு மருந்தும் கஞ்சியும். இரண்டு கையும் தூக்க ஏலாது. குளிப்பாட்ட வந்த அஸ்மியா தழும்பைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பாவம் பிள்ளை. ராத்தாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

நோன்போடு வந்தா. கதவைப் பூட்டிவிட்டு, "லைட்ட அணைக்கவா?" என்று கேட்டா. வேண்டாம் என்றேன். சட்டையைக் கழற்ற விட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர், வலப்பக்கம் முதலில்.

"நோகுதா?"

நான் மௌத்தாகும் அன்றைக்கு இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் நோகும் இடமெல்லாம் இன்றைக்கே காட்டிவைத்தேன். இடது தோள். விலா. முள்ளந்தண்டின் அடி. ராத்தா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தா.

"சரி, ஞாபகம் வெச்சிக்கிறன்" என்றா.

வியாழக்கிழமை திரும்ப வருவா. அதற்கு முதல் நான் போய்விட்டாலும் வருவா.